திகில் படப் போஸ்டர் வடிவமைப்பு: எதைக் காட்டுவது, எதை மறைப்பது

திகில் படத்துக்குப் போஸ்டர் வடிவமைக்க உட்காருகிறவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது நிறமும் அல்ல, எழுத்துருவும் அல்ல. வரவிருக்கும் ஆபத்து போஸ்டருக்குள் இருக்கும் மனிதருக்கு எவ்வளவு தெரியும், அதைப் பார்த்து நிற்பவருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான் அவர் முதலில் தீர்மானிக்க வேண்டும். இருட்டு, சிவப்பு, சிதைந்த முகம், ஒற்றை விளக்கு, கீறல் விழுந்த தலைப்பு என்று இந்த வகைப் போஸ்டர்களில் வழிவழியாகப் புழங்கும் மரபுகள் எல்லாமே அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் கருவிகள். அதைத் தீர்மானிக்காமல் கருவிகளை மட்டும் எடுத்து அடுக்கினால், இது ஏதோ ஒரு பேய்ப் படம் என்பது பார்த்தவுடன் புரியும். எந்தப் பேய்ப் படம் என்பது கடைசிவரை மனத்தில் தங்காது.

யாருக்குத் தெரியும்?

1975-இல் வெளிவந்த 'ஜாஸ்' படத்தின் போஸ்டரை முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். ரோஜர் காஸ்டல் வரைந்த அந்த ஓவியம், பீட்டர் பெஞ்ச்லி எழுதிய மூல நாவலின் மலிவுப் பதிப்புக்கு அட்டைப்படமாகத் தீட்டப்பட்டுப் பிறகு படத்துக்கும் அடையாளமானது. மேலே, நீர்மட்டத்தில் ஒரு பெண் நீந்திக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நேர் கீழே, நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக, வாயைத் திறந்தபடி சுறா செங்குத்தாக மேலெழுந்து வருகிறது. நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தில் பயத்தை வரைந்திருந்தால் இந்தப் போஸ்டர் பாதி வலுவை இழந்திருக்கும், ஏனென்றால் நம்மைப் பதறவைப்பது சுறாவின் பற்களைவிட அவளுடைய அமைதியான நீச்சல்தான். ஓவியத்தில் ஒரு துளி இரத்தமும் இல்லை என்பதையும், தலைப்பு எழுத்துகள்தாம் சிவப்பு என்பதையும் கவனிக்க வேண்டும்.

1973-ஆம் ஆண்டின் 'தி எக்ஸார்சிஸ்ட்' போஸ்டர் இதற்கு நேர்மாறானது. பில் கோல்டு வடிவமைத்த அந்தப் போஸ்டரில், தொப்பி அணிந்து கையில் பையுடன் ஒருவர் தெருவிளக்கின் கீழே நிழலுருவமாக நிற்கிறார்; வீட்டின் மாடிச் சன்னலிலிருந்து ஒளி வெளியே பாய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவர் நிற்கும் நிலையே, அவருக்கு ஏதோ தெரியும் என்று சொல்லிவிடுகிறது. ரெனே மாக்ரித் வரைந்த, பகல் வானத்தின் கீழே இரவில் மூழ்கிய வீட்டைக் காட்டும் ஓவிய வரிசைதான் அந்தக் காட்சிக்குத் தூண்டுதல் என்று இயக்குநர் வில்லியம் ஃபிரிட்கின் கூறியிருக்கிறார். பேய் பிடித்த சிறுமியின் முகம் படத்தில் எவ்வளவு கோரமாக இருந்தது என்பது அனைவருக்கும் தெரியும். அதைப் போஸ்டரில் காட்டாமல் விட்ட துணிச்சலைத்தான் இளம் வடிவமைப்பாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வகையில் போஸ்டருக்குள் மனிதரே இருப்பதில்லை. 1979-இன் 'ஏலியன்' போஸ்டரில் கரிய வெளியில் ஒரு முட்டை மிதக்கிறது, அதன் வெடிப்பிலிருந்து பச்சை கலந்த ஒளி கசிகிறது, அவ்வளவுதான். படத்தில் வரும் முட்டைக்கும் இதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை மிகக் குறைவு. ஆயினும் போஸ்டர் பொய் சொல்லவில்லை. ஏதோ ஒன்று வெளிவரப்போகிறது என்ற உண்மையை மட்டும் அது சொல்கிறது. இந்த வகையில் ஆபத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லாததால், பார்ப்பவரே தனியாக அதன் முன் நிற்க நேர்கிறது.

இந்த மூன்றையும் கைக்கு எட்டும் ஒரு கதையில் பொருத்திப் பார்ப்போம். 'வாசல்' என்ற பெயரில் ஒரு குறும்படம் எடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வாழும் மூதாட்டியின் வீட்டுக் கதவை, இறந்துபோன அவருடைய மகனின் குரலில் ஒன்று இரவுதோறும் தட்டுகிறது. முதல் வகைப்படி அமைத்தால், நாம் தெருவில் நின்று பார்க்கிறோம்: திண்ணையருகே ஓர் உருவம் கதவோடு ஒட்டி நிற்கிறது, சன்னல் வழியாக மூதாட்டி அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. இரண்டாம் வகைப்படி அமைத்தால், நாம் வீட்டுக்குள் இருக்கிறோம்: மூடிய கதவில் முதுகைச் சாய்த்து, ஒரு கையால் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தபடி மூதாட்டி நம்மைப் பார்க்கிறார், கதவுக்கு அப்பால் இருப்பது அவருக்கு மட்டுமே தெரியும். மூன்றாம் வகைப்படி அமைத்தால், இருண்ட கதவும் அதன் அடியில் ஒரு கோடாகத் தெரியும் தெருவிளக்கின் வெளிச்சமும் மட்டும் போதும். கதவு தட்டப்படுவதைத் தலைப்புக்கு அடியிலுள்ள வாசகம் சொல்லிவிட, அந்த வெளிச்சக் கோட்டில் கால்களின் நிழல் விழாதிருப்பதைப் பார்ப்பவர் தாமே கண்டுபிடிப்பார். கணினியைத் திறப்பதற்கு முன்பு இந்த மூன்றையும் உள்ளங்கை அளவுக் கட்டங்களில் பென்சிலால் வரைந்து பாருங்கள். மூன்றில் எது படத்தின் கதையோடு ஒட்டிப்போகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் முழுமையாகக் கைவிட வேண்டும். உருவத்தையும் காட்டி, மூதாட்டியின் அலறலையும் காட்டி, நிழலில்லாத வெளிச்சத்தையும் சேர்த்தால் மூன்றும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

ஒளி, முகம், பொருள்

இருட்டு எல்லோருக்கும் தெரிந்த மரபு. ஆனால் போஸ்டரில் வேலை செய்வது இருட்டல்ல, இருட்டுக்குள் ஒளி எங்கே வைக்கப்படுகிறது என்பதுதான். ஒளியின் மூலம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்பதும் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். முகத்துக்கு ஒருபுறம் நீலமும் மறுபுறம் சிவப்பும் அடித்து, பின்னால் புகைக்கு வேறொரு விளக்கும் வைத்தால், அது படப்பிடிப்புத் தளத்தின் விளக்குகளைத்தான் நினைவூட்டும். ஒளியைக் கொண்டும் மறைக்க முடியும் என்பதற்கு 1982-இல் வந்த 'தி திங்' போஸ்டர் சிறந்த சான்று. படத்தைப் பார்க்காமலே டுரூ ஸ்டுரூசன் ஒரே இரவில் தீட்டிய அந்த ஓவியத்தில், பனிக்கால உடை அணிந்த ஒருவரின் முகம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெண்ணொளி கதிர்கதிராகப் பீறிடுகிறது. எந்த உருவத்தையும் எடுக்கக்கூடிய உயிரியைப் பற்றிய படத்துக்கு, முகமே இல்லாமல் செய்ததைவிடப் பொருத்தமான தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

முகத்தைக் காட்டுவதாக இருந்தால் அதில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கண்ணின் கருவிழியை அகற்றலாம், அல்லது வாயை மறைக்கலாம், அல்லது தலையை உடலுக்குப் பொருந்தாத கோணத்தில் திருப்பலாம். மூன்றையும் ஒரே முகத்தில் செய்தால் அது மனித முகமாகவே தோன்றாது, ஒப்பனையாகத் தோன்றும்; மனிதராகத் தோன்றாதவரைப் பார்த்து நமக்கு அச்சம் எழுவதில்லை. 1991-இன் 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' போஸ்டரில் வெளிறிய ஒரு பெண்முகம் சாதாரணமாகவே இருக்கிறது, வாயை மட்டும் ஓர் அந்துப்பூச்சி மூடியிருக்கிறது. நெருங்கிப் பார்ப்பவருக்கு அந்தப் பூச்சியின் முதுகிலுள்ள மண்டையோடு ஏழு பெண்களின் உடல்களால் ஆனது என்பது தெரியும். ஓவியர் சால்வதோர் தாலியுடன் சேர்ந்து பிலிப் ஹால்ஸ்மன் எடுத்த புகைப்படத்திலிருந்து பெறப்பட்ட உருவம் அது. தொலைவிலிருந்து ஒரு செய்தி, அருகில் வந்தால் இன்னொரு செய்தி என்ற இந்த அடுக்கு திகில் போஸ்டருக்கு மிகவும் ஏற்றது, ஆனால் முதல் செய்தி தனியாக நிற்கும் வலிமை கொண்டிருந்தால்தான் இரண்டாவதைச் சேர்க்கலாம்.

அச்சம் தரும் பொருள்களைத் தேடிப் போவதைவிட, நல்லதற்கு அடையாளமான ஒன்றை எடுத்து அதில் ஓர் இடத்தைப் பிறழச் செய்வது பலமுறை கூடுதல் பலன் தரும். 1978-இன் 'ஹாலோவீன்' போஸ்டரில் பண்டிகைக்காகச் செதுக்கிய பூசணிக்காயின் வரிகள் மெல்லக் கைவிரல் கணுக்களாக மாற, அந்தக் கை கத்தியைப் பிடித்திருக்கிறது. பூசணிக்காய் அமெரிக்கக் குழந்தைகளின் பண்டிகைப் பொருள் என்பதால்தான் அந்த மாற்றம் அவர்களைத் தைக்கிறது. அதை அப்படியே தமிழ்ப் படத்துக்குக் கொண்டுவந்தால் அலங்காரமாக மட்டுமே எஞ்சும். நம்முடைய 'வாசல்' படத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த நிலைப்படியும் கோலமும் இருக்கின்றன. வாசல் கோலத்தை வழக்கமாகக் கதவுக்கு வெளியேதான் போடுவார்கள். அதே கோலம் கதவுக்கு உட்புறத்தில், தாழிட்ட வீட்டின் கூடத்தில் போடப்பட்டிருந்தால் என்ன பொருள் என்று பார்ப்பவருக்கு விளக்கவே தேவையில்லை. பாழடைந்த பங்களா, வௌவால், முகத்தை மறைக்கும் நீண்ட கூந்தல், வெள்ளைப் புடவை ஆகியவற்றுக்கு நான் எதிரி அல்ல. கதையில் அவற்றுக்கு இடமிருந்தால் வைக்கலாம். கதையில் இல்லாதபோது, இந்த வகைப் படம் என்று அடையாளம் காட்டுவதற்காக மட்டும் அவற்றைச் சேர்ப்பதுதான் தவறு.

நகைச்சுவை கலந்த பேய்ப் படமாக இருந்தால் அதை மறைக்கக் கூடாது. முழுத் திகில் என்று நம்பி வருபவரும் ஏமாறுவார், குடும்பத்தோடு சிரிக்க விரும்புபவர் வராமலே போய்விடுவார். பேயின் தீவிரத்தைக் குறைக்காமல், மனிதரின் முகபாவத்தில் மட்டும் நகைச்சுவையை வைப்பது இதற்கு நல்ல வழி.

நிறமும் இரத்தமும்

சிவப்பும் கறுப்பும் இந்த வகையின் கட்டாயம் என்று நினைப்பவர்கள், 1968-இன் 'ரோஸ்மேரிஸ் பேபி' போஸ்டர் முழுவதும் பச்சையில் தோய்ந்திருப்பதையும், 1980-இல் 'தி ஷைனிங்' படத்துக்குச் சால் பாஸ் மஞ்சள் போஸ்டர் உருவாக்கியதையும், 2019-இன் 'மிட்சோமர்' போஸ்டரில் பட்டப்பகலில் மலர்முடி சூடிய ஒரு பெண் அழுவதையும் பார்க்க வேண்டும். நிறத்தைப் படத்தின் களத்திலிருந்து எடுங்கள். ஒரு நிறம் ஆள வேண்டும், இன்னொன்று மிகச் சிறிய இடத்தில் அதை எதிர்க்க வேண்டும். 'வாசல்' போஸ்டரில் நிலைப்படியின் மஞ்சள் ஆளட்டும், மூன்று குங்குமப் பொட்டுகளில் ஒன்று மட்டும் கீழே வழிந்திருக்கட்டும். வேறெங்கும் சிவப்பு வேண்டாம்.

இரத்தத்தைப் பொறுத்தவரை, போஸ்டர் என்பது கட்டணம் செலுத்தி உள்ளே வந்தவருக்கு மட்டும் காட்டப்படுவது அல்ல என்பதை மறக்கக் கூடாது. பள்ளிக்கு நடந்து போகும் குழந்தையும் அந்தச் சுவரைப் பார்க்கிறது. 2007-இல் 'கேப்டிவிட்டி' என்ற படத்துக்காக, ஒரு பெண் கடத்தப்பட்டு, அடைக்கப்பட்டு, வதைக்கப்பட்டு, கொல்லப்படுவதை நான்கு கட்டங்களாகக் காட்டிய விளம்பரப் பலகைகள் லாஸ் ஏஞ்சலஸில் எழுந்தபோது, மக்களின் எதிர்ப்பால் அவை அகற்றப்பட்டன. அமெரிக்கத் திரைப்படச் சங்கம் அந்தப் படத்துக்குத் தரச்சான்று வழங்கும் நடைமுறையையே சில காலம் நிறுத்திவைத்தது. வதையைக் காட்டும் போஸ்டர், கற்பனைக்கு இடம் வைக்காததால் கலையாகவும் பலவீனமானது என்பது என் உறுதியான கருத்து.

தலைப்பு எழுத்து

1959-இல் வெளிவந்த 'சைக்கோ' நாவலின் அட்டைக்காக டோனி பல்லடினோ எழுத்துகளைக் குறுக்கே வெட்டிப் பிளந்து அமைத்த தலைப்பை, ஹிட்ச்காக் தம் படத்தின் விளம்பரத்துக்காக உரிமை பெற்றுப் பயன்படுத்தினார். அந்த ஒரு பிளவு கதாபாத்திரத்தின் மனத்தைப் பற்றியது என்பதால் பொருத்தமாக இருந்தது. அதன் பின்வந்த எண்ணற்ற கீறல் எழுத்துகளில் பலவும் காரணமின்றிக் கீறப்பட்டவை. பிற்காலத்தில் ரோமானியக் கல்வெட்டு எழுத்துகளை அடியொற்றி, கேரல் டுவாம்ப்ளி 1989-இல் உருவாக்கிய 'டிராஜன்' என்ற எழுத்துரு ஏராளமான திகில் போஸ்டர்களில் இடம்பெற்று, அகன்ற இடைவெளி விட்ட பேரெழுத்துகள் என்ற இன்னொரு மரபை நிலைநிறுத்தியது.

இந்த இரண்டு மரபுகளையும் தமிழ்த் தலைப்பில் அப்படியே செய்ய முடியாது. தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற பிரிவு இல்லை. எழுத்திடைவெளியை மென்பொருளில் கூட்டினால் 'வா' என்பதில் வகரம் ஒருபுறமும் கால் ஒருபுறமும் பிரிந்து நிற்கும். 'கொ', 'கோ' போன்றவை மூன்று துண்டுகளாகச் சிதறும். எனவே இடைவெளி வேண்டுமென்றால் முழு எழுத்தையும் ஒரு கூட்டாக வைத்து, ஒவ்வொரு கூட்டையும் கையால் நகர்த்தி அமைக்க வேண்டும். அதற்கு முன்பாக, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும்.

இரத்தம் வழிவதுபோல் எழுத்தை நீட்டுவதில் இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. 'வாசல்' என்ற தலைப்பில் காலின் அடிப்பகுதியிலிருந்து ஒரு துளியைச் சற்றுச் சாய்வாக வழியவிட்டால் அது ரகரமாகி, தலைப்பு 'வரசல்' என்று படிக்கப்படும். காலுக்கும் ரகரத்துக்கும் உள்ள வேறுபாடு அடியிலுள்ள அந்தச் சிறு கோடு மட்டுமே என்பதால், கால்மீது எந்த அலங்காரமும் செய்யாமல் விடுவதே பாதுகாப்பு. அதுபோலவே புகையோ கீறலோ இறுதி எழுத்தின் புள்ளியைத் தின்றுவிட்டால் 'வாசல' என்று ஆகிவிடும். சிதைக்க வேண்டுமானால் வகரம், சகரம் போன்ற உடல் பெருத்த எழுத்துகளின் நடுப்பகுதியைச் சிதையுங்கள். கால், கொம்பு, புள்ளி, சுழி ஆகியவற்றைத் தொட வேண்டாம். கணினி எழுத்துருவைத் தேடி அலைவதைவிட, தலைப்பைத் தூரிகையாலோ கரித்துண்டாலோ காகிதத்தில் பலமுறை எழுதி, நன்றாக வந்ததை ஸ்கேன் செய்து பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரே எழுத்து தலைப்பில் இரண்டு இடத்தில் வரும்போது எழுத்துருவில் கீறல்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். அது கையால் எழுதப்படவில்லை என்பதைக் கண் உடனே கண்டுகொள்ளும்.

தலைப்போடு வரும் ஒற்றை வரி வாசகம், படம் சொல்லாததைச் சொல்ல வேண்டும். 'ஏலியன்' போஸ்டரில் முட்டை இருக்கிறது, இடம் இல்லை. விண்வெளியில் அலறினால் யாருக்கும் கேட்காது என்ற பொருள்படும் வாசகம் இடத்தையும் தனிமையையும் தருகிறது. 'வாசல்' போஸ்டரில் மூடிய கதவைக் காட்டிவிட்டு, "கதவைத் திறக்காதே" என்று எழுதுவது வீண். "அம்மா, நான்தான்" என்று மட்டும் எழுதினால் கதவுக்கு வெளியே ஒரு குரல் வந்துவிடுகிறது.

சிறிதாக்கியும் அச்சிட்டும் பார்த்தல்

அமெரிக்கத் திரையரங்குப் போஸ்டர் 27 அங்குல அகலமும் 40 அங்குல உயரமும் கொண்டது. பிரிட்டனில் நீண்டகாலமாகப் புழங்கிய அளவு 40 அங்குல அகலமும் 30 அங்குல உயரமும் கொண்ட கிடைவடிவம். இன்று உங்கள் போஸ்டர் முதலில் பார்க்கப்படுவது இவை எதிலும் அல்ல, கைபேசியில் கட்டைவிரல் நக அளவில்தான். ஆகவே வேலையின் நடுவிலேயே மூன்று சோதனைகளைச் செய்துகொண்டிருங்கள். போஸ்டரை நக அளவுக்குச் சுருக்கி, தலைப்பு படிக்கப்படுகிறதா என்று பாருங்கள். நிறத்தை முழுவதும் நீக்கி, கண் முதலில் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். பிறகு மங்கலாக்கி, வெளிச்சத் திட்டுகள் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றை அணைத்துவிட வேண்டும். உருவம், பின்னணி, தலைப்பு, வாசகம், பெயர்ப்பட்டியல் ஆகியவற்றைத் தனித்தனி லேயர்களில் வைத்திருந்தால், ஓடிடி தளங்கள் கேட்கும் கிடைவடிவத் தம்ப்நெயிலுக்குப் படத்தை வெட்டிச் சிதைக்காமல் மீண்டும் அடுக்கிக்கொள்ளலாம்.

அச்சுக்குப் போகும்போது திகில் போஸ்டருக்கு மற்ற போஸ்டர்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று உண்டு. திரையில் ஐந்தாறு படிநிலைகளாகத் தெரியும் இருட்டு, காகிதத்தில் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். நிழலுக்குள் ஓர் உருவத்தை ஒளித்து வைத்திருந்தால் அது முழுவதுமாகக் காணாமல் போய்விடும். நிழல்பகுதியைத் திரையில் சற்று அதிகம் என்று தோன்றும் அளவுக்கு வெளிச்சமாக்கி அனுப்புங்கள். இருட்டிலிருந்து மெல்ல வெளுக்கும் பரப்புகளில் பட்டைபட்டையாகக் கோடு விழாமலிருக்க நுண்மணல் போன்ற புள்ளிச் சிதறலை (மென்பொருளில் 'நாய்ஸ்') சிறிதளவு சேருங்கள். கறுப்பு மையை மட்டும் 100 சதவீதம் வைத்தால் பெரிய பரப்பில் அது சாம்பல் நிறமாக வெளிறித் தெரியும். அதனோடு சயான் (வெளிர்நீலம்) 60, மெஜெந்தா (இளஞ்சிவப்பு) 40, மஞ்சள் 40 சதவீதம் என்ற அளவில் மற்ற மைகளையும் கலந்தால் கறுப்பு ஆழமாகும். மொத்த மையின் அளவுக்கு அந்த அச்சகத்தின் இயந்திரமும் காகிதமும் எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக் கலந்த கறுப்பின்மேல் வெள்ளையில் வரும் பெயர்ப்பட்டியலின் சிற்றெழுத்துகள், நான்கு மைகளும் இம்மி பிசகினாலும் அடைபட்டுப்போகும். அந்தப் பகுதிக்கு மட்டும் தனிக் கறுப்பை வைத்து, எழுத்தைச் சற்றுத் தடிப்பாக்கிக்கொள்வது நல்லது. மாதிரி அச்சை வழவழப்பான தாளில் எடுத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் மெல்லிய சுவரொட்டித் தாளில் அச்சிடுவதும் கூடாது. எந்தத் தாளில் ஒட்டப்போகிறீர்களோ அதே தாளில் ஒரு பிரதி எடுத்து, பசை தடவி ஒரு சுவரில் ஒட்டி, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்திலும் தெருவிளக்கு வெளிச்சத்திலும் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கதவடியிலுள்ள வெளிச்சக் கோடு இரண்டு நேரத்திலும் தெரிந்தால் மீதியை அச்சிடச் சொல்லலாம்.